கம்பியில் முதல் வில்லை

இப்படியெல்லாம் எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. முப்பது வருடம் பார்த்துவிட்டு மாலையும் கழுத்துமாக வெளியேறுகிறவரின் நிதானம் என்னிடம் இருக்காது. ஏழே வருடத்தில் தொழிலையே விட்டுப் போகிறவனின் எரிச்சல்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் மூன்று பேரும் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, “பேசிக் லாங்குவேஜோட புது பதிப்பு எப்ப சார் வரும்? எழுதிக் கேட்டீங்களா?” என்று துளைத்தீர்கள். வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். அதே துடிப்போடு மூன்று கடிதம் எழுதியவன் நான். அந்தக் கடிதங்களால் என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போகிறேன். நிரல் எழுதும் வித்தை எதுவும் இதில் கிடையாது. அது கையேட்டில் இருக்கிறது.

இந்தக் கணிப்பொறி மையத்துக்கு வருமுன் இதே மதுரையில் ஒரு நூற்பாலையில் இருந்தேன். கணிதம் படித்து, சென்னையில் ஆறு மாதப் பயிற்சி முடித்து வந்த கையோடு கிடைத்த வேலை. ஆலையில் கணிப்பொறி என்றால் ஒரு பெட்டி, ஒரு பிரின்டர், ஏசி போட்ட ஓர் அறை, அதற்குள் நான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது குளிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவனை எல்லோரும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்ப்பார்கள். அந்த மரியாதை ஏசிக்கானது. எனக்கானது என்று நான் நம்பினேன்.

ஆலை வாசலில் தினமும் காலையில் பதிலிகள் நிற்பார்கள். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத அன்று அவர் இடத்தில் வேலை பார்ப்பவர்கள். நாற்பது பேர் வந்தால் பதினெட்டுப் பேருக்கு வேலை இருக்கும். மற்றவர்கள் தூக்குச் சட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். யாரை உள்ளே விடுவது என்பதை அதுவரை மேஸ்திரியின் சுட்டுவிரல் முடிவு செய்துகொண்டிருந்தது. அவர் வீட்டுக்கு விறகு பிளந்தவனுக்கு வேலை. அவர் மச்சானோடு சீட்டாடி வேண்டுமென்றே தோற்றவனுக்கு வேலை. யூனியன் ரகளை செய்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இனிமேல் கணிப்பொறி குலுக்கிப் போடும். அது சொல்கிறவர்கள் உள்ளே வருவார்கள். ஓர் ஆண்டில் நூற்று இருபது நாள் வேலை பார்த்த பதிலி நிரந்தரப் பட்டியலில் ஏறுவார். வாசலில் நின்ற ஒவ்வொருவரும் அந்த நூற்று இருபதை மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் நின்றார்கள்.

நிரலை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பதிலிக்கும் எண் குத்திய தகர வில்லை ஒன்று. வந்ததும் வாசலில் கட்டியிருக்கும் கம்பியில் அதைக் கோத்துவிட வேண்டும். ஐந்தரை மணிக்கு டைம் ஆபீஸ் கிளார்க் அருள்தாஸ் கம்பியோடு என் அறைக்கு வருவார். கோத்த வரிசையிலேயே அவர் எண்களை வாசிப்பார்; நான் தட்டுவேன். பேசிக்கில் ஒரு ஃபங்ஷன் உண்டு, கூப்பிடும்போதெல்லாம் ஏதோ ஓர் எண்ணைத் தூக்கிப் போடும். அதன்படி ஏழாவது வில்லை, முப்பத்திரண்டாவது வில்லை என்று பதினெட்டுப் பேரைப் பொறுக்கி அச்சடித்து வாசலில் ஒட்டுவோம்.

முதல் நாள் பட்டியலை ஒட்டியபோது கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: “மெஷினுக்கு மச்சான் கிடையாதுடா!” எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் ஓரம் நின்று, புரட்சியை நடத்தி முடித்தவன் மாதிரி டீ குடித்தேன்.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. எனக்கு அது போதவில்லை. மெஷின் விற்ற சென்னை நிறுவனத்தில் பேசிக்கின் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வேகம் கூடுதல், கட்டளைகள் கூடுதல். நம் ஊர் மட்டும் ஏன் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று கடிதம் போட்டேன். ஆடி மாதத்தில் ஒரு பொறியாளர் வந்து பிளாப்பியை மாற்றிவிட்டு, தடித்த கையேடு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார்.

அன்றே எல்லா நிரல்களையும் ஓட்டிப் பார்த்தேன். நூல் இருப்பு, பஞ்சு வரவு, வருகைப் பதிவு எல்லாவற்றுக்கும் பழைய தாளையும் புதிய தாளையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். அச்சு அசல். குலுக்கலையும் ஓட்டினேன். பதினெட்டு எண்கள் வந்தன. எதுவும் இரண்டு முறை வரவில்லை. சரி என்று குறித்துக்கொண்டேன்.

மற்றவற்றுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விடை இருந்தது. குலுக்கலுக்கு விடையே கிடையாது, எது வந்தாலும் சரிதான். அப்படிப்பட்ட ஒன்றை ஒரே ஒரு தடவை ஓட்டிச் சோதிப்பதும் சோதிக்காமல் விடுவதும் ஒன்று. இரண்டாவது தடவை ஓட்ட எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு வேடிக்கை பார்த்தேன். வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் கம்பியைச் சுற்றி நிற்கிறார்கள். யாரும் கோக்கவில்லை. ஒருவன் கம்பியில் தொங்குவதை விரல் விட்டு எண்ணுகிறான்.

“நீ போடு மாப்ள.”

“நீ போடு. நான் ஒரு பீடி குடிச்சிட்டு வாரேன்.”

“வா, வா. நீ வாரதுக்குள்ள ஒம்பதாவது எடம் ஒன்னையத் தேடி வீட்டுக்கு வரும்.”

திடீரென்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவன் சட்டை கிழிந்தது. ராசியான இடம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணிப்பொறி வந்தும் மூடநம்பிக்கை போகவில்லை என்று கல்லூரி நண்பனுக்கு நகைச்சுவையாக ஒரு கடிதம் வேறு எழுதினேன். வாசலில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட ஒன்றை, பட்டம் வாங்கியவன் மூடநம்பிக்கை என்று எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன்.

அந்தக் கூட்டத்தில் சேராத ஆள் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி நிலம். மழை பொய்த்த வருடம் மாட்டை விற்றுவிட்டு ஆலைக்கு வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஊரிலிருந்து முதல் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் ஷிப்ட் ஆரம்பித்துவிடும். ஆகவே எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். வந்ததும் வில்லையைக் கோத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார். கம்பியில் முதல் வில்லை அவருடையது.

புதிய பதிப்பு வந்த மூன்றாவது வாரம் அவர் என் அறைக் கதவைத் தட்டினார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசிக் காற்றுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

“தம்பி, தப்பா நெனைக்கக் கூடாது. மொத வில்லைக்கு வேலை விழுகவே மாட்டேங்குது.”

“குலுக்கல்னா அப்படித்தாண்ணே. சில நாள் விழும், சில நாள் விழாது.”

“சில நாள் இல்ல தம்பி. மெட்ராஸ்லருந்து ஒரு ஆளு வந்துட்டுப் போனாருல்ல, அன்னையிலருந்து ஒரு நாளும் விழுகல. எனக்கு மட்டுமில்ல. ரெண்டு நாள் நான் வரல. அன்னைக்கு எவன் மொதல்ல கோத்தானோ அவனுக்கும் விழுகல.”

யோசித்துப் பாருங்கள். எப்போதிலிருந்து மாறியது, எந்த இடத்தில் மாறியது, ஆள் மாறினாலும் அதேதானா. மூன்றையும் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் அதைவிடத் துல்லியமாக ஒரு பிழையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதைக் கேட்டு நான் செய்தது என்ன தெரியுமா? அவருக்கு நிகழ்தகவு சொல்லிக் கொடுத்தேன்.

“பூவா தலையா போடுறோம்ணே. பத்துத் தடவையும் தலையே விழலாமா, விழக் கூடாதா?”

“விழுகலாம்.”

“அவ்வளவுதான். மெஷினுக்கு உங்களையும் தெரியாது, மொத வில்லையையும் தெரியாது.”

“பத்துத் தடவ தலையே விழுந்தா நாங்க காசத் திருப்பிப் பாப்போம் தம்பி, ரெண்டு பக்கமும் தலையான்னு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்ப மத்தவங்க மாதிரி நீங்களும் கொஞ்சம் பொறுத்துக் கோக்க வேண்டியதுதானே?” என்றேன், விளையாட்டாக.

“வந்தவன் வந்த வரிசையில கோக்கணும்னுதான ஒப்பந்தம்? கையில வச்சுக்கிட்டு ஒளிஞ்சு நிக்கிறது என்ன பொழப்பு?” என்றார். பிறகு, “எழுவத்தொம்பது நாள் ஆயிருக்கு. இன்னும் நாப்பத்தொண்ணு வேணும். மார்கழிக்குள்ள விழுந்துரும்ல?”

“கண்டிப்பா விழும்.”

“சரி. நீங்க சொன்னாச் சரி. வாரேன்.”

கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த நேரத்தில் நிரலை இரண்டு முறை ஓட்டி, இரண்டு தாளையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம். தாள் செலவு என்றுகூட நான் யோசிக்கவில்லை. தோன்றவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவருக்குக் கணிப்பொறியைப் பற்றி என்ன தெரியும்?

மேலும் ஒரு மாதம் போயிற்று. ஒரு காலை, பட்டியல் பாதி அச்சாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அருள்தாஸ் தலையில் கை வைத்தார். “போச்சு. பாதிப் பேரு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டாய்ங்க. இனிமே வேற பேரு வந்தா நம்மள உரிச்சுத் தொங்க விட்ருவாய்ங்க.”

அவர் பயம் நியாயமானது. பழைய பதிப்பில் ஒருமுறை இப்படி ஆகி, மறுபடி ஓட்டியபோது வேறு பட்டியல் வந்து, வாசலில் கல் விழுந்தது. கரண்ட் வந்ததும் எண்களைத் திரும்பத் தட்டி ஓட்டினேன். அருள்தாஸ் பாதித் தாளையும் முழுத் தாளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அட, ஒண்ணு போலவே வந்திருக்கு! மாதா காப்பாத்துனா. இன்னைக்குச் சண்டை இல்ல தம்பி.”

குலுக்கினால் இரண்டு முறையும் ஒன்றுபோலவே வரக் கூடாது. அவர் போனதும் மறுபடி ஓட்டினேன். அதே பட்டியல். மறுபடி. அதே. மெஷினை அணைத்துப் போட்டு ஓட்டினேன். அதே.

கையேட்டைப் புரட்டினேன். பின்னிணைப்பில், பொடி எழுத்தில், ஒரு பத்தி. புதிய பதிப்பில் நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஃபங்ஷன் அதே எண்களை அதே வரிசையில் தரும். மாற்றி வேண்டுமென்றால் முதலில் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். பழைய பதிப்புக்கு அந்தக் கட்டளை தேவைப்படவில்லை. அதாவது நாற்பது வேலை நாட்களாக நாங்கள் குலுக்கவே இல்லை. முதல் நாள் விழுந்த இடங்களையே தினமும் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். அந்த இடங்களில் ஒன்பதாவது இருந்தது, பதினேழாவது இருந்தது. முதலாவது இல்லை.

ஒரு வரி சேர்த்தேன். முடிந்தது.

மறுநாள் வாசலில் பெருங்கூச்சல். “மெஷின் கெட்டுப் போச்சு! இம்புட்டு நாளா நல்லாத்தான இருந்துச்சு?” என்று கத்தியவர்கள் எல்லோரும் நல்ல இடங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் யூனியன் செக்ரட்டரியின் ஆட்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒச்சப்பனுக்கு அன்று வேலை விழுந்தது. என் ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

இரண்டு அறிக்கை எழுதினேன். முதலாவது சென்னை நிறுவனத்துக்கு: எந்தத் தேதியில் பதிப்பு மாறியது, முன்பு ஃபங்ஷன் எப்படி நடந்துகொண்டது, இப்போது எப்படி, சாட்சிக்கு ஒரே மாதிரியான பட்டியல்கள். கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது அதே விவரங்களோடு ஆலையின் லேபர் ஆபீசருக்கு. அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“உக்காருங்க தம்பி. அருமையா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு தேதிய மட்டும் எடுத்துருங்க.”

“எந்தத் தேதி சார்?”

“திருத்துன தேதி இருக்கட்டும். ஆரம்பிச்ச தேதி எதுக்கு? அதான் திருத்தியாச்சுல்ல.”

“அந்த நாப்பது நாளும் வேலை கிடைக்காதவங்க இருக்காங்க சார்.”

“அவங்களுக்கு நாள் சேத்துக் குடுத்தா, கிடைச்சவங்களுக்குக் கொறைக்கச் சொல்லி ஒருத்தன் வருவான். கொறைச்சா செக்ரட்டரி வாசல்ல பந்தல் போட்டுருவாரு. அது என் தலைவலி, விடுங்க. உங்க தலைவலி வேற.” ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “புது பதிப்பு வேணும், வேணும்னு மூணு லெட்டர். யாரு கையெழுத்து இது?”

மூன்றும் என்னுடையவை. அவர் ஃபைலை மூடினார்.

“ஜனவரியில மெட்ராஸ் ட்ரெய்னிங்குக்கு உங்க பேரத்தான் அனுப்பியிருக்கேன். நல்லாப் படிச்ச பையன், முன்னுக்கு வரணும்.”

அவர் மிரட்டவே இல்லை. டீ கூட வரவழைத்தார். எழுந்திருக்கும்போது கேட்டேன், “ஒச்சப்பன்னு ஒருத்தர் சார், முதல் வில்லை…”

“நான் பாத்துக்கறேன்.”

அறைக்கு வந்து அறிக்கையை மறுபடி தட்டச்சு செய்தேன். ‘சில காலமாகக் காணப்பட்ட மாற்றம் ஒன்று சரிசெய்யப்பட்டது.’ சில காலமாக! இரண்டே சொல். நாற்பது காலைப் பொழுதுகள் அதற்குள் அடங்கிவிட்டன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இது பிழையல்ல, பின்னிணைப்பில் விளக்கப்பட்டிருக்கிறது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அவர்கள் சொன்னது உண்மை. விளக்கப்பட்டுத்தான் இருந்தது. விளக்கியவர்கள் யாரும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் கடைசியில் நிரந்தரப் பட்டியல் ஒட்டினார்கள். ஒச்சப்பன் பெயர் இல்லை. நூற்றுப் பதினான்கு நாள். ஆறு நாள் குறைவு. லேபர் ஆபீசர் அவரைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அது. நான் ஜனவரியில் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் முதலிடம்.

திரும்பி வந்தபோது ஒச்சப்பன் அரசாங்கத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். சமரச அதிகாரி விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குச் சொல்ல வாய் இருக்காது. மொழியின் பதிப்பு மாறும், மாறாமல் இருக்காது. நேற்றுவரை ஒன்று செய்த ஃபங்ஷன் இன்று வேறொன்று செய்யும். அதைப் பார்த்த அன்றே எழுதுங்கள், எழுதியதை யார் மேஜைக்குப் போனாலும் மாற்றாதீர்கள். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இருப்பது மெஷினைப் பற்றிய குறிப்பு மட்டும் என்று நினைப்பீர்கள். யாரோ ஒருவருடைய ஆறு நாள் அதில் இருக்கும்.

விசாரணை அறையில் லேபர் ஆபீசர் ஒரு பக்கம், ஒச்சப்பன் ஒரு பக்கம், நடுவில் நான். சமரச அதிகாரி வயதானவர், கெட்டவர் இல்லை. என் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சில காலம்னா எம்புட்டுக் காலம் தம்பி? எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒரு தேதி சொல்லுங்க, போதும். ஒழுங்காக் குலுக்கியிருந்தா ஆறு நாளாவது விழுந்திருக்குமான்னு நானே பாத்துக்கறேன். ஒரு தேதியில முடியற விஷயம் இது.”

ஒச்சப்பன் குறுக்கிட்டார். “ஆடி மாசங்கய்யா. மெட்ராஸ்லருந்து ஒரு ஆளு வந்தாரு…”

“மெட்ராஸ்லருந்து மாசத்துக்கு ஒருத்தர் வருவாங்க சார்” என்றார் லேபர் ஆபீசர்.

அதிகாரி என்னையே பார்த்தார். தேதி எனக்குத் தெரியும். கிழமைகூடத் தெரியும். கார்பன் நகல் என் மேஜை டிராயரில் இருந்தது. ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம்.

“சரியா நினைவில்ல சார்” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். மனு தள்ளுபடி.

வெளியே வேப்பமரத்தடியில் ஒச்சப்பன் எனக்காகக் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்னும் இந்தத் தொழிலில் இருந்திருப்பேனோ என்னவோ.

“வருத்தப்படாதீக தம்பி. வேணும்னே எல்லாரும் மறைக்கிறாய்ங்கன்னு நெனச்சுத்தான் மனு குடுத்தேன். இன்னைக்கு மனசு ஆறிப் போச்சு. அந்த மெஷினோடவே இருக்கிற உங்களுக்கே தெரியலன்னா, பெறகு யாருக்குத் தெரியப் போகுது?”

“ஆமாண்ணே” என்றேன்.